கேள்வி–பதில்: கொரோனா காலப் பணிக்குக் கூடுதல் ஊதியம்

மருத்துவமனை, பஸ், மின்கம்பம், ரேஷன் கடை, குப்பை வண்டி. ஊரடங்கிலும் நிற்காமல் ஓடிய இந்த வேலைகளைச் செய்தவர்களுக்குக் கூடுதல் பணம் நியாயமா, அது யாருக்குக் கிடைத்தது, யாருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று வாசகர்கள் கேட்டவற்றுக்கு, தொழிலாளர் சட்டமும் சம்பளக் கணக்கும் அறிந்தவர்கள் தரும் பதில்கள்.

"சம்பளம் வாங்குகிறார்கள், வேலை செய்தார்கள். கடமையைச் செய்ததற்கு எதற்குத் தனியாகப் பணம்?" – ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஈரோடு

சம்பளம் என்பது வேலையில் சேரும்போது தெரிந்திருந்த ஆபத்துக்கு நிர்ணயித்த விலை. 2019-இல் வார்டு துடைக்கச் சேர்ந்தவரிடம், வேலை முடிந்து போனால் வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கும் நோயைக் கொண்டுபோவாய் என்று யாரும் சொல்லவில்லை. ஆபத்து கூடினால் ஊதியமும் கூடும் என்பது அரசுக்குப் புதிய கருத்தும் அல்ல. மத்திய அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளோடு நேரடியாகப் பழகும் கீழ்நிலை ஊழியர்களுக்கு, ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, மாதம் 4,100 ரூபாய் படி நிர்ணயித்தார்கள். சாதாரண நாளிலேயே தொற்று அபாயத்துக்கு விலை வைத்திருக்கிறார்கள். பெருந்தொற்றில் அந்த விலை ஏறுமா என்பதுதான் கேள்வி, ஏறும்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. 'அத்தியாவசியத் துறை' என்ற முத்திரை இருந்தாலே போதும் என்று, கதவைச் சாத்திக்கொண்டு கோப்பு பார்த்தவருக்கும் காய்ச்சல் முகாமில் நின்றவருக்கும் ஒரே தொகை கொடுப்பது சரியில்லை. ஆபத்தான இடத்தில் எத்தனை நாள் நின்றார் என்பதே அளவுகோலாக இருக்க வேண்டும். பதவியையோ, நிரந்தரமா ஒப்பந்தமா என்பதையோ வைத்து அளப்பது தவறு. நம் ஊரில் பெரும்பாலும் அப்படித்தான் அளந்தார்கள்.

"போக்குவரத்துக் கழகத்தில் வேலை. கொரோனா ஆண்டில் தீபாவளி போனஸ் கூடும் என்று பார்த்தால் பாதியாகக் குறைந்தது. இது எப்படி?" – நடத்துநர், விருதுநகர்

போனஸ் உங்கள் உழைப்பைப் பார்ப்பதில்லை, நிறுவனத்தின் வரவு செலவைத்தான் பார்க்கிறது. அப்போது நடைமுறையில் இருந்த 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகம் 20 சதவீதம். கணக்கிடும் சம்பளம் பொதுவாக மாதம் 7,000 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 84,000. அதில் 20 சதவீதம் 16,800 ரூபாய், 10 சதவீதம் 8,400 ரூபாய்.

2019-இல் மின்வாரியம், போக்குவரத்துக் கழக ஊழியர்களுக்கு 20 சதவீதம் கிடைத்தது. 2020 தீபாவளிக்கு 8.33 சதவீத போனஸ், 1.67 சதவீதக் கருணைத்தொகை என்று 10 சதவீதமாகச் சுருங்கியது. காரணம், நிதி நெருக்கடி. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 2020 தீபாவளிக்குத் தந்தது 2019–20 கணக்காண்டுக்கான போனஸ். ஊரடங்கு தொடங்கியது மார்ச் 25. கணக்காண்டு முடிந்தது மார்ச் 31. அதாவது பெருந்தொற்று தொட்டது அந்த ஆண்டின் கடைசி ஒரு வாரத்தை மட்டும்! நீங்கள் உண்மையில் முகக்கவசத்தோடு டிக்கெட் கிழித்த 2020–21-க்கான போனஸ் 2021 தீபாவளிக்கு வந்தது. அதுவும் 10 சதவீதம். 20 சதவீதம் திரும்பியது 2023-இல்தான்.

இதில் சட்டமீறல் ஏதுமில்லை. உங்கள் விஷயத்தில் 8.33-க்கு மேலே தந்தது கருணைத்தொகை, அதை உரிமையாகக் கேட்க முடியாது. அதனால்தான் ஆபத்துக் காலப் பணத்தைப் போனஸ் என்ற பெயரில் கேட்கக் கூடாது என்கிறோம். பஸ் ஓடாத ஆண்டில் நஷ்டம் வரும், நஷ்டம் வந்தால் போனஸ் குறையும். ஆபத்து கூடக்கூடப் பணம் குறையும் ஏற்பாடு அது.

"செவிலியர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தார்களே, அது போதாதா?" – வாசகி, தஞ்சாவூர்

கொடுத்தார்கள். 2020 மார்ச்சில் மருத்துவப் பணியாளர்களுக்கு ஒரு மாதச் சிறப்பு ஊதியம் அறிவிக்கப்பட்டது. 2021 மே மாதம், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதப் பணிக்காக மருத்துவர்களுக்கு 30,000, செவிலியர்களுக்கு 20,000, மற்ற பணியாளர்களுக்கு 15,000 ரூபாய் என்று அறிவித்தார்கள்.

இப்போது மறுபக்கக் கணக்கு. 2020 ஏப்ரலில் அகவிலைப்படி உயர்வை மத்திய அரசு நிறுத்தியது, மாநிலமும் பின்தொடர்ந்தது. தமிழ்நாட்டில் 17 சதவீதத்திலேயே நின்று, 2022 ஜனவரியில்தான் 31 ஆனது. நிறுத்தாமல் இருந்திருந்தால் 2020 ஜனவரி முதல் அரையாண்டுக்கு ஒரு படியாக 4, 7, 11, 14 சதவீதம் கூடியிருக்கும். அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கையும் கூட்டினால் 36 சதவீதம், ஆறு மாதத்தால் பெருக்கினால் ஒரு மாத அடிப்படைச் சம்பளத்தில் 216 சதவீதம். கைக்கு வராமல் போனது 86,400 ரூபாய், நிலுவையும் தரப்படவில்லை. எடுக்காத விடுப்பைப் பணமாக்கும் ஈட்டிய விடுப்புச் சரண் நிறுத்தப்பட்டது தனி. 20,000 ரூபாயை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, போதுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

"அரசு மருத்துவமனையில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். என்னோடு அதே வார்டில் வேலை செய்த நிரந்தரப் பணியாளருக்கு 15,000 ரூபாய் வந்தது. எனக்கு வரவில்லை. யாரைக் கேட்பது?" – சேலம்

2020-இல் துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் ஆனது. பெயரை மாற்றச் செலவில்லை, பட்டியலில் சேர்க்கத்தான் செலவு.

பணம் உங்களிடம் வராமல் போக மூன்று இடங்கள் உண்டு. எந்த இடத்தில் நின்றது என்று தெரியாமல் மனு போட்டால், அது அலுவலகம் அலுவலகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

முதல் இடம் அரசாணை. அதன் இணைப்பில் எந்தெந்தப் பதவி என்று இருக்கும். 'ஒப்பந்தம்', 'அவுட்சோர்சிங்' என்ற சொல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மருத்துவமனை அலுவலகத்தைத் திட்டிப் பயனில்லை. கேள்வி கேட்க வேண்டியது துறையை. இரண்டாவது இடம் மருத்துவமனை மேலே அனுப்பிய பெயர்ப் பட்டியல். ஒப்பந்ததாரர் ஆட்களின் வருகைப் பதிவேடு மேஸ்திரியிடம் இருக்கும், நிரந்தரப் பணியாளர் பதிவேடு அலுவலகத்தில் இருக்கும். அவசரத்தில் பட்டியல் தயாரித்தவர் கையிலிருந்த பதிவேட்டை மட்டும் பார்த்து எழுதியிருப்பார். பெரும்பாலும் தவறு இங்கேதான் நடக்கிறது. மூன்றாவது இடம் ஒப்பந்ததாரர். அரசு கொடுத்துவிட்டது, ஒப்பந்ததாரர் கணக்கில் போய் நின்றுவிட்டது என்றால், சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதைதான்.

தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 6(1)-இன் கீழ் ஒரு மனு எழுதுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "எனக்கு ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள். 'ஏன்' என்பது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ஆவணம் கேளுங்கள்: ஊக்கத்தொகைக்கு அனுப்பிய பெயர்ப் பட்டியலின் நகல், 2021 ஏப்ரல் முதல் ஜூன் வரை அந்த வார்டின் டியூட்டி பட்டியல், அதே மாதங்களுக்கு ஒப்பந்ததாரர் கொடுத்த பில், அதோடு இணைத்த வருகைப் பதிவு. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

பில்லில் உங்கள் பெயர் இருந்து பட்டியலில் இல்லையென்றால் உங்கள் வழக்கு பலமானது. அந்த இரண்டு தாளையும் சேர்த்து, மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நகலைத் தொழிலாளர் துறைக்கும் அனுப்புங்கள். ஒப்பந்ததாரர் சம்பளம் கொடுக்காமல் விட்டால் முதன்மை வேலையளிப்பவரே, அதாவது ஒப்பந்தம் விட்ட நிறுவனமே, கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஊக்கத்தொகை 'சம்பளம்' ஆகாது என்று எதிர்த்தரப்பு வாதாடும். நேராக வசூல் மனு போட்டால் தள்ளுபடியாக வாய்ப்புண்டு, ஏனென்றால் தொழிலாளர் நீதிமன்றம் அந்த மனுவில் ஏற்கெனவே உறுதியான உரிமையை மட்டுமே பணமாகக் கணக்கிடும். ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்ற கோரிக்கையோடு சங்கத்தின் வழியாகப் போவதே நல்லது.

"கணவர் தனியார் மருத்துவமனை ஆம்புலன்ஸ் ஓட்டுநர். 2021 மே மாதம் கொரோனாவில் இறந்தார். 50 லட்சம் காப்பீட்டு மனு திரும்பிவிட்டது. வேறு வழியே இல்லையா?" – வாசகி, மதுரை

இருக்கிறது, அதுவும் 50 லட்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தவறவிடும் வழி.

முதலில் அந்த மனு. 2020 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்த அந்தத் திட்டம் சுமார் 22 லட்சம் சுகாதாரப் பணியாளர்களுக்கானது. தனியார் ஊழியரும் உண்டு, ஆனால் கொரோனா பணிக்காக அரசால் அமர்த்தப்பட்டிருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லில்தான் தனியார் மனுக்கள் பல சிக்கின. கொரோனா உறுதியான பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, கொரோனா பணியில் இருந்தார் என்ற நிறுவனச் சான்று மூன்றும் கட்டாயமாக இருந்தன. சி.டி. ஸ்கேனில் நுரையீரல் பாதிப்பு தெரிந்து ஆர்.டி.பி.சி.ஆர். 'நெகட்டிவ்' வந்தவர்களின் குடும்பங்கள் முதல் தாளிலேயே நின்றுவிட்டன. உங்கள் மனு திரும்பிய காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அது இல்லாமல் நீதிமன்றம் போவது வீண்.

இப்போது மற்ற வழி. அவர் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குச் சந்தா பிடித்தார்களா? 2020 மார்ச் 24 முதல் நடைமுறைக்கு வந்த இ.எஸ்.ஐ. கொரோனா நிவாரணத் திட்டத்தில், இறந்தவரின் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் குடும்பத்துக்கு மாதாமாதம் ஓய்வூதியம் போல வரும். நிபந்தனை இரண்டு. நோய் உறுதியான நாளுக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே இணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஓராண்டில் குறைந்தது 70 நாளுக்குச் சந்தா 'செலுத்தப்பட்டோ செலுத்த வேண்டியதாகவோ' இருக்க வேண்டும். அந்தப் பின்பாதியைக் கவனியுங்கள். முதலாளி பிடித்த பணத்தைக் கட்டாமல் விட்டிருந்தாலும் உரிமை போகாது. மாதச் சம்பளம் 15,000 என்றால் மொத்தம் சுமார் 13,500 ரூபாய். ஒரு குழந்தை இருந்தால் மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, குழந்தைக்கு இரண்டு பங்கு.

வருங்கால வைப்புநிதி இருந்தால் அதோடு இணைந்த காப்பீட்டில் இரண்டரை லட்சம் முதல் ஏழு லட்சம் வரை கிடைக்கும். இது வைப்புநிதிக் கணக்கில் இருக்கும் பணத்திலிருந்து தனி. இறப்புச் சான்றில் வெறும் மாரடைப்பு என்று எழுதிவிட்டார்கள் என்றால், கொரோனா இறப்பை உறுதிசெய்ய 2021-இல் மாவட்டந்தோறும் அமைக்கச் சொன்ன குழுதான் திருத்தச் சான்று தரும் இடம். பரிசோதனையில் உறுதியாகி முப்பது நாளுக்குள் இறந்தால் கொரோனா இறப்பாகக் கொள்ள வேண்டும் என்பதே விதி.

"ஊக்கத்தொகைக்கு வருமான வரி உண்டா?" – ஆய்வக நுட்புநர், கோவை

உண்டு, அது சம்பளத்தோடு சேரும். பணியாளர் கொரோனாவில் இறந்து, பன்னிரண்டு மாதத்துக்குள் நிறுவனம் குடும்பத்துக்குக் கொடுத்த தொகைக்கு வரி இல்லை. பிரிட்டனின் வேல்ஸ் நாட்டில் பராமரிப்புப் பணியாளர்களுக்கு முதல் முறை 500 பவுண்டு கொடுத்து, வரி பிடித்தம் போகக் குறைந்து கையில் வந்ததும் கூச்சல் எழுந்தது. அடுத்த முறை, பிடித்தம் போக 500 கையில் நிற்கும்படி 735 பவுண்டாக அறிவித்தார்கள்.

"வெளிநாடுகளில் இதை ஒழுங்காகச் செய்தார்களா?" – கல்லூரி மாணவி, நாகர்கோவில்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஓரளவு. 2020 ஏப்ரல் 24 முதல் ஆகஸ்ட் 13 வரை மணிக்கு 4 டாலர் கூடுதல். நான்கு வாரத்தில் நூறு மணிக்கு மேல் உழைத்தால் இன்னும் 250 டாலர். மணிக்கணக்கு என்பதால் நின்றவருக்குப் போனது. அதே கனடாவில் மூன்று பெரிய மளிகைத் தொடர் கடைகள் தாங்களாகவே கொடுத்த மணிக்கு 2 டாலரை 2020 ஜூனில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிறுத்தின. நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு விசாரித்தது. கூலியை முதலாளிகள் கூடிப்பேசி நிர்ணயிப்பது 2023-இல் அங்கே குற்றமாயிற்று.

அமெரிக்காவின் மினசோட்டா வேறு பாடம். 50 கோடி டாலர் ஒதுக்கி, சுமார் 6.67 லட்சம் பேருக்கு ஆளுக்கு 750 என்று மதிப்பிட்டார்கள். தகுதி பெற்றவர்கள் பத்து லட்சத்தைத் தாண்ட, கைக்கு வந்தது 487.45 டாலர். தொகையை முதலில் பூட்டி, ஆளைப் பிறகு எண்ணினால் இப்படித்தான். பிரான்ஸ் ஒருமுறைப் பணத்தோடு நிற்காமல் 2020 ஜூலை ஒப்பந்தத்தில் மருத்துவமனை ஊழியர் சம்பளத்தையே மாதம் 183 யூரோ நிரந்தரமாக உயர்த்தியது. எங்களைக் கேட்டால் அதுதான் உண்மையான நன்றி.

"அடுத்த பெருந்தொற்று வந்தால் சங்கம் எதை எழுதி வாங்க வேண்டும்?" – சங்கச் செயலாளர், திருச்சி

அரசாணையின் வாசகத்தை. 'கொரோனா பணியாளர்' என்று இருந்தால் போதாது. 'எந்த வகை நியமனமாயினும்' என்ற தொடர் வேண்டும். தொகை மாதத்துக்கு இவ்வளவு என்றில்லாமல் ஷிப்டுக்கு இவ்வளவு என்று இருக்கட்டும். தனிமையில் வைக்கப்பட்ட நாட்களும் பணிநாள் என்று எழுதுங்கள். போன முறை அதை விடுப்பில் கழித்து, விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இறப்புக்கு மட்டும் இழப்பீடு என்றால், நுரையீரல் கெட்டு உயிரோடு இருப்பவருக்கு ஒன்றுமில்லை. ஊனத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர் பணம் நேராக அவர்கள் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். டெண்டர் ஒப்பந்தத்திலேயே இதற்கு ஒரு பிரிவு இல்லாவிட்டால், தணிக்கை ஆட்சேபம் வரும் என்று கணக்கு அலுவலகம் நிறுத்திவிடும். ஆகவே புது டெண்டர் வரும்போதே கேட்டுவிடுங்கள், நோய் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வருகைப் பதிவேட்டைத் தினமும் ஷிப்ட் முடிந்ததும் செல்போனில் படம் எடுத்து வைக்க ஒருவரை நியமியுங்கள். நாள், வார்டு, மேஸ்திரி கையெழுத்து மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும்.