உழவர் கேள்வி – பதில்: நெல் வயலைக் காயவிட நாள் கணக்கா, ஆழக் கணக்கா?

கேள்வி: நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சும் விதமாக, தண்ணீர் விட்டால் போதும் என்று ஆராய்ச்சி நிலையங்கள் சொல்கின்றன. எங்களுக்குக் குறுவை பம்புசெட்டில்தான். எத்தனை நாள் காயவிடுவது? மகசூல் குறையாதா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: நாளை எண்ணாதீர்கள், மண்ணுக்கு மண், வெயிலுக்கு வெயில் அது மாறும். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய வழி எளிது: வயலில் குழாய் நட்டு, தண்ணீர் மண்ணுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது.

4 அங்குல பி.வி.சி. குழாயில் 30 செ.மீ. துண்டு போதும். கீழ்ப்பாதியில் சுற்றிலும் 2 செ.மீ. இடைவெளியில் 5 மி.மீ. துளைகள் போடுங்கள். துளையுள்ள 15 செ.மீ. மண்ணுக்குள் போகும்படி இறக்கி, உள்ளே புகுந்த சேற்றை அடிவரை அள்ளிவிடுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். வயலில் தண்ணீர் நிற்கும்போது குழாயின் உள்ளும் வெளியும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் துளையைக் களிமண் அடைத்திருக்கிறது, பிடுங்கிக் கழுவி மறுபடி நடுங்கள். மேட்டிலோ பள்ளத்திலோ, நண்டு வளை உள்ள வரப்பை ஒட்டியோ வைத்தால் பொய்க்கணக்குதான் கிடைக்கும்.

நட்ட முதல் 2, 3 வாரம் தண்ணீர் நிற்கட்டும், களை அடங்கும். பிறகு நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுங்கள். தரை காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் வேருக்கு ஈரம் இருக்கும், அதனால் மகசூல் குறையாது. டெல்டாவின் கனத்த களியில் மட்டும் 10 செ.மீ.யிலேயே பாய்ச்சிவிடுவது நல்லது. வெடிப்பு விழுந்துவிட்டால் அடுத்துப் பாய்ச்சும் தண்ணீர் அதன் வழியே இறங்கிப்போகும், மிச்சம் பிடித்தது அதிலேயே தீர்ந்துவிடும்.

பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை காய்ச்சலே கூடாது, பதர் கூடும். மேலுர யூரியாவைக் காய்ந்த நாளில் இட்டு உடனே பாய்ச்சினால் சத்து வேருக்கு இறங்கும்.

இவ்வளவு மலிவான கருவி ஏன் பரவவில்லை? மின்சாரம் இலவசம் என்பதால் மிச்சமாகும் தண்ணீர் யார் பையிலும் காசாகத் தெரிவதில்லை. டீசல் எஞ்சின் வைத்திருப்பவருக்கு முதல் போகத்திலேயே தெரியும்.

கேள்வி: வேதாரண்யம் பக்கம், கடைமடை, கொஞ்சம் உவர் நிலம். சம்பாவுக்கு இது ஆகுமா?

பதில்: வேண்டாம். காயக்காய உப்பு வேருக்கு ஏறும். முறை வைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனத்தில், முறை வரும் நாளில் குழாய் என்ன காட்டினாலும் தண்ணீரை வேண்டாமென்று விட்டுவிடவும் முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் வேலை தண்ணீரை வடிப்பதுதான்; வடிகால் வாய்க்காலை அதற்கு முன்பே தூர்வாரி வையுங்கள்.