வாசகர் கேள்வி–பதில்: கேப்டன் குக் நினைவுத்தூணுக்குப் போகும் வழி

கேள்வி: ஹவாய்த் தீவில் பிரிட்டிஷ் கடலோடி கேப்டன் குக் இறந்த இடத்தில் உள்ள தூணுக்கு நடந்தே போகலாமாமே? எனக்கு 60 வயது. முடியுமா?

பதில்: முடியும். ஆனால் இறங்குவது சுலபமாக இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. இந்தப் பாதையில் சிரமமெல்லாம் திரும்பி ஏறுவதில்தான். 11-ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து நபோபோ சாலையில் திரும்பிய சிறிது தூரத்தில் காவலோவா பாதை தொடங்குகிறது. வண்டியைச் சாலையோரத்தில்தான் நிறுத்த வேண்டும், இடம் குறைவு. ஒரு வழி சுமார் 3 கிலோமீட்டர். அதற்குள் ஏறக்குறைய 400 மீட்டர் கீழே இறங்கிவிடுவீர்கள். இறங்க ஒரு மணி நேரம் ஆகும்; ஏற ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

மேல்பகுதியில் ஆளுயரப் புல் இருக்கும். பாதிக்குக் கீழே கறுப்பு எரிமலைப் பாறைதான், நிழலே கிடையாது. வெயில் ஏற ஏறப் பாறையும் சூடேறும். பத்து மணிக்கு மேல் இறங்கி, நடுப்பகலில் ஏறப் பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள். வழியிலும் கீழேயும் குடிநீர் இல்லை, கழிப்பறையும் இல்லை. ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் எடுத்துப் போய், அதில் பாதிக்கு மேல் ஏற்றத்துக்கென ஒதுக்கி வையுங்கள். உதிரிக் கற்கள் புரளும் என்பதால் செருப்பு உதவாது. அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் ஷூ வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஊன்றுகோல் கொண்டுபோவது நல்லது.

கேள்வி: நடக்காமல் கடல் வழியாகப் போக முடியாதா?

பதில்: போகலாம். பவளப்பாறை பார்க்க அழைத்துச் செல்லும் படகுகளில் போனால் தூணைத் தண்ணீரிலிருந்து பார்க்கலாம். கரையில் இறக்கிவிட மாட்டார்கள். கரையேற விரும்பினால், மாநில அனுமதி பெற்ற நிறுவனத்தின் வழிகாட்டியோடு கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் போங்கள். தனியாகக் கயாக் எடுத்துப் போய்த் தூணருகே கரையேறுவது விதிமீறல். யாராவது சாலையோரத்தில் வாடகைக்குக் கொடுத்து “தாராளமாக இறங்கலாம்” என்றால் நம்ப வேண்டாம்.

கேள்வி: தூண் நிற்கும் இடம் பிரிட்டன் மண்ணாமே, தனி விசா வேண்டுமா?

பதில்: வேண்டாம். 1877-இல் அந்தத் துண்டு நிலம் பிரிட்டனுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது உண்மை. ஆனால் அது நில உரிமை மட்டுமே. அங்கு செல்லுபடியாவது அமெரிக்கச் சட்டம்தான்.

கேள்வி: அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: 27 அடி உயர வெள்ளைத் தூண். 1874-இல் குக்கின் நாட்டவர் எழுப்பியது. சுற்றிலும் உள்ள சங்கிலியைப் பழைய பீரங்கிகள் தாங்கி நிற்கின்றன. 1778 ஜனவரி 18-இல் குக் இத்தீவுகளைக் “கண்டுபிடித்தார்” என்கிறது கல்வெட்டு. பல நூற்றாண்டுகளாக மக்கள் வாழ்ந்துவந்த தீவுகள் இவை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அதைப் படியுங்கள். பாய்மரம் முறிந்து, தூண் நிற்கும் இந்தக் கியலகெகுவா விரிகுடாவுக்குத் திரும்பிவந்த குக், களவுபோன படகை மீட்பதற்காக அரசர் கலனிஓபுவைப் பிணையாகப் பிடிக்க முயன்றார். அதில் மூண்ட சண்டையில், 1779 பிப்ரவரி 14 அன்று, அவரும் அவருடைய நான்கு கடற்படை வீரர்களும் உயிரிழந்தனர். ஹவாய் மக்கள் தரப்பிலும் பலர் மாண்டார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இந்த இடத்தில் தலைவணங்க வேண்டும்.

பக்கத்தில் எழும் செங்குத்துப் பாறையின் குகைகள் ஹவாய்த் தலைவர்களின் எலும்புகள் வைக்கப்பட்ட புனித இடங்கள். அவற்றில் ஏறாதீர்கள். கல்சுவர்களில் உட்காராதீர்கள், ஒரு கல்லைக்கூட எடுக்காதீர்கள். விரிகுடாவின் எதிர்க்கரையில் ஹிகியாவ் கோயில் மேடை இருக்கிறது. வண்டியிலேயே போய் வெளியிலிருந்து பார்க்கலாம்.

கேள்வி: தூணருகே கடலில் இறங்கலாமா?

பதில்: அலை அமைதியாக இருந்தால் மட்டும். கரையோரம் காலில் முள் குத்தும் கடல் முள்ளெலிகள் இருக்கும், அடி சட்டென ஆழமாகும். பவளத்தின் மேல் நிற்காதீர்கள். பவளத்துக்குக் கேடு என்பதால், ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் என்னும் வேதிப்பொருள்கள் கலந்த வெயில் களிம்புகளை ஹவாயில் 2021 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க முடியாது. ஊரிலிருந்து கொண்டுபோவதையும் தவிர்த்து, நீளக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். சுழல் டால்பின்கள் இரவில் இரை தேடிவிட்டுப் பகலில் இங்கே ஓய்வெடுக்கும். அவற்றை 46 மீட்டருக்குள் நெருங்குவது சட்டப்படி குற்றம். நீந்திக் களைத்த கால்களோடுதான் மேலே ஏற வேண்டும் என்பதால், அரை மணி நேரத்தில் கரையேறி, ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.