கண்புரை அறுவை முடிந்த மகளுக்காக வைத்திருக்கும் பணத்தை எங்கே போடலாம்?

கேள்வி: இரண்டு வயதில் என் மகளுக்கு ஒரு கண்ணில் பிறவிப் புரையை அகற்றி லென்ஸ் வைத்தார்கள். இப்போது அவளுக்கு மூன்று வயது. அவளுடைய தாத்தா நிலம் விற்ற பணத்தில் 3 லட்சம் ரூபாய் தந்திருக்கிறார். முழுவதையும் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் போடச் சொல்கிறார்கள். அறுவைதான் முடிந்துவிட்டதே, இனி பெரிய செலவு இருக்குமா?

பதில்: முழுவதையும் அதில் போடாதீர்கள். முதியவர்களுக்குப் புரை அறுவையோடு பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். குழந்தைக்கு அப்போதுதான் தொடங்குகிறது. பிறக்கும்போது ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் நீளமுள்ள கண், வளர்ந்தபின் 23, 24 மில்லிமீட்டரை எட்டும். உள்ளே வைத்த லென்ஸின் பவர் மாறாது என்பதால், கண் நீள நீளக் கிட்டப்பார்வையின் பக்கம் நகரும். அதற்கேற்பக் கண்ணாடியின் பவரை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். வைத்த லென்ஸால் இயற்கை லென்ஸைப் போலத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் மாறிக் கொடுக்க முடியாது. ஆகவே கரும்பலகைக்கும் நோட்டுக்கும் சேர்த்து இரட்டைப் பவர் கண்ணாடி தேவைப்படும். மூன்று வயதுக் குழந்தையின் கண்ணாடி எத்தனை முறை கால் உடையும், எத்தனை முறை கீறல் விழும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். நல்ல கண்ணை மறைத்து ஒட்டும் பட்டையையும் சோம்பல் கண் (புரை இருந்த கண்ணின் பார்வையை மூளை சரியாகப் பயன்படுத்தாத நிலை) தேறும்வரை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

குழந்தைப் பருவப் புரை அறுவைக்குப் பின் வரக்கூடிய கண் அழுத்த நோய்க்கான (குளுக்கோமா, பார்வை நரம்பைக் கெடுப்பது) பரிசோதனையோ ஆயுள் முழுவதும் தேவை. அமெரிக்காவில், ஆறு மாத வயதுக்குள் ஒரு கண்ணில் புரை அறுவை செய்யப்பட்ட 114 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பத்தாண்டுக்குள் ஐந்தில் ஒருவருக்கு அந்த நோய் வந்திருந்தது. உங்கள் மகளுக்குப் பிந்திய வயதில் அறுவை நடந்ததால் ஆபத்து குறைவாக இருக்கலாம், ஆனால் இல்லாமல் போய்விடவில்லை.

மருத்துவக் காப்பீடு இதில் பெரும்பகுதியைத் தாங்காது. புறநோயாளிச் செலவும் கண்ணாடியும் வழக்கமான பாலிசிகளில் சேர்வதில்லை. குடும்பப் பாலிசியில் அவளைச் சேர்க்கும்போது இந்த அறுவையை மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பீட்டில் பணம் கிடைக்காத காத்திருப்புக் காலம் மூன்றாண்டைத் தாண்டக் கூடாது என்பது இப்போதைய விதி.

செல்வமகள் கணக்கில் போடும் பணத்தை, அவள் பத்தாம் வகுப்பு தேறும்வரை அல்லது 18 வயது ஆகும்வரை படிப்புக்காகக்கூடப் பகுதியாக எடுக்க முடியாது. கண்ணாடிக்கோ பரிசோதனைக்கோ எடுக்க வழியே இல்லை. எனவே 60,000 ரூபாயைச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். 1,40,000 ரூபாயை நான்கு பங்காக்கி, ஆண்டுக்கு ஒன்றாக முதிரும்படி வைப்பு நிதியில் போடுங்கள். பார்வை உருவாகும் முக்கியமான ஆண்டுகளில் எந்தப் பரிசோதனையும் பணமில்லாமல் தள்ளிப்போகக் கூடாது என்பதே என் கவலை. மீதி 1 லட்சத்தைச் செல்வமகள் கணக்கில் போடலாம். மருத்துவமனைக்குப் போகும் நாளில் உங்களுக்கு விட்டுப்போகும் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றுத்திறனாளியைப் பராமரிப்போருக்கான வருமான வரிச்சலுகையை நம்பித் திட்டமிட வேண்டாம். அதற்கு 40 சதவீதக் குறைபாட்டுச் சான்று வேண்டும். மறு கண் முழுப் பார்வையோடு இருக்கும்போது, ஒரு கண் பார்வையை அடியோடு இழந்தவருக்கே அரசு விதிப்படி 30 சதவீதம்தான் கிடைக்கிறது.