நாயோடு ஆர்.வி. பயணம்: வண்டி வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

கோடை நெருங்கினால் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஆர்.வி. (படுக்கை, சமையல் மேடை, குளியலறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) ஆசை வந்துவிடும். இந்த முறை வந்த கடிதங்களில் கூடவே நாய்களும் ஏறியிருக்கின்றன. நான்கு கேள்விகளை எடுத்துக்கொண்டேன். முதல் கேள்விக்குப் பதில் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பள்ளி விடுமுறையில் ஐந்து வாரம் ஆர்.வி. பயணம் போகலாம் என்றிருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், 72 பவுண்டு லாப்ரடார் ஒன்று, பொமரேனியன் ஒன்று. சாண்டா ஃபே, மோவாப், யெல்லோஸ்டோன், மவுண்ட் ரஷ்மோர் பார்த்துவிட்டுத் திரும்பினால் சுமார் 4,200 மைல். 2019 மாடல், 24 அடி கிளாஸ் சி (வேன் சேசிஸ் மேல் கட்டிய நடுத்தர ஆர்.வி.) வண்டி ஒன்று 58,000 டாலருக்கு வருகிறது. வாடகைக்குக் கொட்டும் காசை வண்டியிலேயே போடலாம் என்கிறார் கணவர். வாடகை என்றால் நாளுக்கு 175 டாலர், தினம் 100 மைல் இலவசம், அதற்கு மேல் மைலுக்கு 45 சென்ட். நாய்களுக்கு மொத்தமாக 150, இன்சூரன்ஸ் நாளுக்கு 30. எது சரி? (வாசகி, ஃபிரிஸ்கோ, டெக்ஸஸ்)

பதில்: முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். 35 நாள் வாடகை 6,125 டாலர். இலவச மைல் 3,500 போக மிச்சம் 700 மைலுக்கு 315. நாய்க் கட்டணமும் இன்சூரன்ஸும் சேர்த்தால் 7,640. இனி வாங்கும் பக்கம். டெக்ஸஸில் வண்டிக்கு விற்பனை வரி 6.25 சதவீதம். 58,000 டாலர் வண்டிக்கு வரி மட்டுமே 3,625. மொத்த வாடகையில் கிட்டத்தட்ட பாதி, வண்டி உங்கள் பேருக்கு மாறும்போதே போய்விட்டது. அதன்பிறகு வருஷம் முழுக்க இன்சூரன்ஸ், ஆறு டயர் (பின்னால் இரட்டை டயர் என்பதை மறக்க வேண்டாம்), நிறுத்த இடம். உங்கள் பக்கத்துக் குடியிருப்புச் சங்கங்கள் பலவும் ஆர்.வி.யை வீட்டு வாசலில் நிறுத்த விடுவதில்லை. வெளியே மாத வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டியிருக்கும். பெட்ரோல் இரண்டு பக்கமும் ஒன்றுதான்: கேலனுக்கு 9 மைல் என்று வைத்தால் சுமார் 467 கேலன்.

ஆகவே இந்த முறை வாடகைக்கு எடுங்கள் என்பேன். ஆனால் காசு மட்டும் காரணமில்லை. உங்கள் நாய்கள் இந்த வண்டியை ஒத்துக்கொள்ளுமா என்று உங்களுக்கே இன்னும் தெரியாது. ஓடுகிற ஆர்.வி. என்பது பாத்திரக்கடை ஒன்றை லாரியில் ஏற்றிய மாதிரி. அலமாரிக் கதவு, அடுப்புத் தட்டு, குளியலறைக் கதவு எல்லாம் சேர்ந்து கடகடக்கும். காரில் சமர்த்தாகத் தூங்கும் நாய் இதில் நடுங்கி, வாயில் எச்சில் வழிய நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஐந்து வாரத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வார இறுதிக்கு மட்டும் எடுத்து, பக்கத்து ஏரிக்கரை எதற்காவது போய் இரண்டு ராத்திரி தங்கிப் பாருங்கள்.

வாடகையோ சொந்தமோ, வண்டியைப் பார்க்கப் போகும்போது லாப்ரடாரையும் அதன் கூண்டையும் கூட்டிக்கொண்டு போங்கள். விற்பவர் பக்கவாட்டு ஸ்லைடை (வெளியே நீளும் சுவர்ப் பகுதி) வெளியே தள்ளி, விசாலமான ஹால் மாதிரி காட்டுவார். "ஸ்லைடை உள்ளே இழுங்கள்" என்று கேளுங்கள். ஓடும்போது வண்டி இருக்கப்போவது அந்தக் கோலத்தில்தான். பல வண்டிகளில் சோபா வந்து சமையல் மேடையோடு ஒட்டிக்கொள்ளும், நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் சந்துதான் மிஞ்சும். அதில் கூண்டு நிற்கிறதா, அதைக் கட்டி இறுக்க உறுதியான இடம் இருக்கிறதா என்று பாருங்கள். டைனிங் மேஜைக் காலில் கட்டக்கூடாது; அது பலகையில் நாலு ஸ்க்ரூ போட்டு நிறுத்தியது. வண்டிச் சட்டத்தோடு பிணைத்த சீட் பெல்ட் புள்ளிதான் நம்பகம். சென்டர் ஃபார் பெட் சேஃப்டி என்ற லாபநோக்கற்ற அமைப்பு நாய்க் கூண்டுகளையும் ஹார்னெஸ்களையும் (நாய் உடம்பில் மாட்டும் பெல்ட்) மோதவிட்டுப் பார்த்துச் சான்று தருகிறது. டப்பாவில் 'க்ராஷ் டெஸ்டட்' என்று கம்பெனியே போட்டுக்கொள்வதை விட இது மேல்.

ஒரு வேடிக்கை: கிளாஸ் சி வண்டிகள் பலவற்றுக்கு அடியில் இருப்பது ஃபோர்டு ஈ-450 சேசிஸ். அதில் இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே துருத்திக்கொண்டிருக்கும் எஞ்சின் மூடிக்கு மெக்கானிக்குகள் வைத்த பெயர் 'டாக்ஹவுஸ்'. பெயரை நம்பி நாயை அங்கே படுக்கவிட வேண்டாம். அடியில் எஞ்சின், நீண்ட ஓட்டத்தில் நன்றாகவே சுடும்.

கணவர் பிடிவாதமாக இருந்தால், அந்த 58,000 டாலர் வண்டியில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று டயர் ஓரத்தில் இருக்கும் டாட் (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கம். 2319 என்றிருந்தால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. வண்டியோடு வந்த டயரே இன்னும் ஓடுகிறது என்று அர்த்தம். பட்டன் தேயாமல் புதிதுபோல் இருந்தாலும் மாற்றவேண்டிய வயது. ஆறு டயர் விலையைப் பேரத்தில் கழியுங்கள். இரண்டாவது, ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை பவுண்டு ஏற்றலாம் என்று சொல்லும் ஸ்டிக்கர். தண்ணீர் கேலனுக்கு 8.3 பவுண்டு. 40 கேலன் டாங்கி நிரப்பினால் 332 பவுண்டு அதிலேயே போயிற்று. நீங்கள் நால்வர், நாய்கள், கூண்டுகள், ஒரு மூட்டை நாய்த்தீனி, நம் வழக்கப்படி குக்கர், அரிசி, ஊறுகாய் பாட்டில் எல்லாம் ஏறவேண்டும். அப்புறம், உள்ளே ஏறியதும் மூக்கைப் பயன்படுத்துங்கள். ரூம் ஸ்ப்ரே வாசனை தூக்கலாக இருந்தால் கூரை ஒழுகிய பூஞ்சை நாற்றத்தை மறைக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். தேசிய ஆர்.வி. இன்ஸ்பெக்டர்கள் சங்கச் சான்றுள்ள ஒருவரைச் சொந்தச் செலவில் அழைத்துக் காட்டுவது வீண்செலவு அல்ல.

கடைசியாக உங்கள் பாதையைப் பற்றி. யெல்லோஸ்டோனுக்குள் நாயைக் கூட்டிப்போகலாம், ஆனால் எதையும் சுற்றிக் காட்ட முடியாது. சாலை, பார்க்கிங், கேம்ப்கிரவுண்டு இவற்றிலிருந்து 100 அடிக்குள், 6 அடிக்கு மிகாத கயிற்றோடு மட்டும்தான். நடைபாதைகளிலும் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிப் போட்டிருக்கும் பலகைப் பாதைகளிலும் அனுமதி இல்லை. இது வெறும் கெடுபிடி இல்லை. 1981-இல் அங்கே ஒரு நாய் கொதிக்கும் ஊற்றில் குதித்துவிட, காப்பாற்றப் பாய்ந்த இளைஞரும் செத்துப்போனார். நாயின் தீனியும் கிண்ணமும் கூட ராத்திரி வெளியே கிடக்கக்கூடாது, கரடி வரும். நாயோடு நடக்க வேண்டுமென்றால் சுற்றிலும் இருக்கும் தேசியக் காடுகளில் இரண்டு நாள் அதிகம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே விதிகள் தளர்வு.

கேள்வி: மோவாபில் ஆர்ச்சஸ் பார்க் போகிறோம். நாய்க்கு நடைபாதையில் அனுமதியில்லையாம். ஜெனரேட்டரைப் போட்டு ஏசியில் நாயை வேனிலேயே விட்டுவிட்டு டெலிகேட் ஆர்ச் என்ற பாறை வளைவுக்கு ஏறலாமா? வண்டியை வாடகைக்குக் கொடுப்பவர் "நாள் முழுக்க ஓடும்" என்கிறார். (வாசகர், சான் ஹோசே)

பதில்: ஓடும், நிற்கும் வரைக்கும். டெலிகேட் ஆர்ச் போய்வர மூன்று மைல் பாறை ஏற்றம், நடுவில் திரும்பி ஓடிவர முடியாது. பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோல் டாங்கி கால்வாசிக்குக் கீழே இறங்கினால் ஜெனரேட்டர் தானே நின்றுவிடும். நடுவழியில் வண்டி நிற்கக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். கூரை ஏசி, உள்ளே இழுக்கும் காற்றைவிடச் சுமார் 20 டிகிரி ஃபாரன்ஹீட் குளிர்ந்த காற்றை வெளியே விடும், அதுதான் அதன் சக்தி. ஜூலை மதியத்தில் மெல்லிய சுவர் வேனைக் குளிர்விக்கவே அது திணறும். நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டான்ஃபோர்டில் 2005-இல் வந்த ஆய்வு போதும்: வெளியே 72 டிகிரி இருக்கும் இதமான நாளிலேயே மூடிய கார் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 40 டிகிரி ஏறியது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய வித்தியாசமில்லை.

எனக்கே நடந்தது. யூட்டாவில் ஒரு கேம்ப்கிரவுண்டு, ஜூலை, மதியம் மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால். மின் இணைப்பு கொடுத்து, ஏசி போட்டு, நாயை விட்டுவிட்டுப் பத்து நிமிட தூரத்தில் சாப்பிடப் போயிருந்தோம். சுற்றியிருந்த அத்தனை வண்டியும் ஒரே நேரத்தில் ஏசி போட, வோல்டேஜ் இறங்கி பிரேக்கர் விழுந்துவிட்டது. வண்டிக்குள் வைத்திருந்த வெப்பமானி போனுக்கு மெசேஜ் தட்ட ஆரம்பித்தது: 79, 82, 85. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினோம். கதவைத் திறக்கும்போது 88. எங்கள் மணி தண்ணீர்க் கிண்ணத்துக்குள் இரண்டு முன்னங்காலையும் விட்டுக்கொண்டு நின்றாள்.

அதனால் செலவழிக்கும் இடத்தை மாற்றுங்கள். பெரிய வண்டி, தோல் சீட் இதெல்லாம் நாய்க்கு ஒன்றுமில்லை. அதற்கு வேண்டியது அறுபடாத கரன்ட். மின் இணைப்புள்ள கேம்ப்கிரவுண்டு (ஆர்ச்சஸுக்குள் இருக்கும் டெவில்ஸ் கார்டனில் அது கிடையாது), வோல்டேஜ் காக்கும் கருவி, செல்போன் சிக்னலில் வேலை செய்யும் வெப்பமானி. வைஃபையை நம்பும் மலிவு வெப்பமானி வேண்டாம், கரன்ட் போகும்போது வைஃபையும் சேர்ந்து போய்விடும். எச்சரிக்கை வந்தால் 15 நிமிடத்தில் திரும்பக்கூடிய தூரத்துக்கு மேல் போகவும் வேண்டாம். டெலிகேட் ஆர்ச்சுக்கு? மோவாப் ஊருக்குள் நாய்க் காப்பகத்தில் ஒரு நாள் முன்பதிவு செய்யுங்கள், தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். அல்லது விடியற்காலையில் பாதிப்பேர் ஏறி, பாதிப்பேர் கீழே நாயோடு இருங்கள். மறுநாள் பக்கத்திலேயே டெட் ஹார்ஸ் பாயின்ட் மாநிலப் பூங்காவுக்குப் போங்கள். அங்கே நடைபாதைகளில் கயிற்றோடு நாயைக் கூட்டிப்போகலாம், சைக்கிள் பாதைகளில் மட்டும் கூடாது. காட்சியும் குறைந்ததில்லை.

கேள்வி: வாடகை ஆர்.வி.யைத் திருப்பிக் கொடுத்தோம். நாய்க் கட்டணம் 150 முன்பே கட்டியாயிற்று. இப்போது "நாய் நாற்றம், விசேஷச் சுத்தம்" என்று டெபாசிட்டில் இன்னும் 350 டாலர் பிடித்துவிட்டார்கள். (வாசகர், அட்லான்டா)

பதில்: ஒப்பந்தத்தை எடுத்து ஒரு வரியைத் தேடுங்கள்: அந்த 150 எதற்கு? அனுமதிக்கா, சுத்தம் செய்யவா? சுத்தம் என்று எழுதியிருந்தால் உங்கள் பக்கம் பலம். அனுமதிக் கட்டணம் என்றிருந்தால் அவர்கள் தனியாகச் சுத்தத்துக்கு வாங்க முடியும், ஆனால் யார், என்று, என்ன செய்தார்கள் என்ற ரசீது கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் பேசிச் சண்டை போடாதீர்கள். பதில் வராவிட்டால் கிரெடிட் கார்டு வங்கியில் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மென்டிலிருந்து 60 நாள்தான் அவகாசம், தள்ளிப்போட வேண்டாம். வண்டியைக் கொடுத்த அன்று எடுத்த படம் ஏதாவது இருந்தால் சேர்த்து அனுப்புங்கள்.

மற்றவர்களுக்கு: வண்டியை எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் சோபா இடுக்கு, மெத்தைக்கு அடி, தரை விரிப்பு ஓரம், ஏசி வடிகட்டி எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏசி வடிகட்டியை யாருமே பார்ப்பதில்லை. முந்தின வாடகைக்காரரின் நாய் முடி அதில் பஞ்சுமெத்தை மாதிரி படிந்திருக்கும், அந்தப் பழியும் உங்கள் தலையில்தான் விழும்.

கேள்வி: வழியில் கனடாவில் பேன்ஃப் வரை போய்வர நினைக்கிறோம். நாய்க்கு பாஸ்போர்ட் மாதிரி ஏதாவது வேண்டுமா? (வாசகி, சியாட்டில்)

பதில்: போகும்போது சுலபம்: மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு மருத்துவர் கையெழுத்துப் போட்ட ரேபிஸ் தடுப்பூசிச் சான்று. திரும்பும்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 2024 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்காவுக்குள் நுழையும் எந்த நாயும் ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், மைக்ரோசிப் இருக்க வேண்டும், சி.டி.சி. என்ற அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நாய் இறக்குமதிப் படிவத்தை இணையத்தில் நிரப்பிய ரசீது கையில் இருக்க வேண்டும். உங்கள் நாய் அமெரிக்காவிலேயே பிறந்ததாக இருந்தாலும் இதே கதைதான். கனடா வழி வருபவர்களுக்கு அந்த ரசீது ஆறு மாதம் செல்லும், கட்டணமில்லை. மைக்ரோசிப் எண்ணைப் படிவத்தில் கேட்பார்கள். அதை இப்போதே மருத்துவரிடம் வாங்கி போனில் சேமித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சாயந்திரம் எல்லைக் கேட்டில் வரிசையில் நின்றுகொண்டு அடைத்துப்போன கிளினிக்குக்கு போன் போட்டுப் பயனில்லை. நாய்த்தீனியை டப்பாவில் கொட்டி எடுத்துப்போகாமல் கம்பெனிப் பையோடே வைத்திருங்கள், எங்கே செய்தது என்று கேட்டால் பையைக் காட்டிவிடலாம்.