"பிராவ்ல் இன் செல் பிளாக் 99" வெறும் ரத்தக்களரிப் படம்தானே? விமர்சகர்கள் ஏன் அவ்வளவு பாராட்டினார்கள்?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். எலும்பு முறிவதைக் காட்டவே எடுத்த படம் என்று ஒரு நண்பர் சொன்னதால் ரொம்ப நாள் தள்ளிப்போட்டேன். ஒருநாள் ராத்திரி தனியாக உட்கார்ந்து பார்த்தேன். மறுநாளே முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் திரும்பப் போட்டுப் பார்த்தேன். உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

வேலை பறிபோய் வீட்டுக்கு வருகிறான் பிராட்லி. முன்னாள் குத்துச்சண்டைக்காரன். மொட்டைத் தலை, பின்மண்டையில் பச்சை குத்திய பெரிய சிலுவை. வாசலில் காரோடு நிற்கும் மனைவியின் கழுத்தில் ஒரு தடத்தைப் பார்க்கிறான். அவளுக்கு வேறொருவருடன் பழக்கம் என்று தெரிகிறது. வீட்டுக்குள் போகச் சொல்கிறான். அவள் போனதும் அந்தக் காரை வெறும் கையால் பிரிக்கிறான். கண்ணாடியில் குத்து விழுகிறது, முகப்பு விளக்கு பிய்ந்து வருகிறது, பானட் பெயர்ந்து தரையில் போய் விழுகிறது. அப்புறம் ரத்தம் வழியும் கையோடு உள்ளே போய், உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் மனைவியிடம் பேசுகிறான். அவள் மேல் ஒரு விரல்கூடப் படவில்லை. இந்தக் கை என்ன செய்யும் என்று நமக்குத் தெரிந்துவிட்டது, அதை அவன் எப்படி அடக்குகிறான் என்றும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் சும்மா நிற்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

போதைப்பொருள் கடத்தி மாட்டி, ஏழு வருடத் தண்டனையோடு அவன் உள்ளே போவதற்கே படத்தில் வெகு நேரமாகிறது. போதைக் கும்பல் ஆட்கள் அவன் கர்ப்பிணி மனைவியைக் கடத்திவிட்டு, இன்னொரு சிறையில் இருக்கும் ஒருவனைக் கொன்றால்தான் விடுவோம் என்கிறார்கள். அந்தச் சிறைக்கு மாற்றப்பட வேண்டுமானால் அவன் காவலர்களையே அடித்தாக வேண்டும். ஒவ்வொரு அடியும் அவனை இன்னும் மோசமான அறைக்குக் கொண்டுபோகிறது. கதை அவ்வளவுதான்.

2017இல் வெனிஸ் திரைப்பட விழாவில் போட்டிக்கு வெளியே திரையிட்டார்கள். செலவு சுமார் 40 லட்சம் டாலர் என்கிறார்கள், ஹாலிவுட் கணக்கில் சொற்பம். இயக்குநர் எஸ். கிரேக் ஜாலர் அந்தப் பற்றாக்குறையைச் சண்டையில் மறைக்கவில்லை. கேமராவைத் தள்ளி வைத்து, தலை முதல் கால் வரை தெரியும்படி, அவசரமாக வெட்டாமல் எடுத்திருக்கிறார். பிராட்லியாக வரும் ஆறடி ஐந்து அங்குல வின்ஸ் வான் கனமாக, கொஞ்சம் மெதுவாகத்தான் நகர்கிறார். நிஜ சண்டை அப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. நகைச்சுவைப் படங்களில் வாய் ஓயாமல் பேசியே பெயர் வாங்கியவர் இதில் அளந்துதான் பேசுகிறார். விமர்சகர்கள் பலரும் முதலில் பாராட்டியது அவர் நடிப்பைத்தான். அது முழுக்க நியாயம்.

எல்லோரும் கொண்டாடிவிடவில்லை. இரண்டே கால் மணி நேரம் நீளம் என்றார்கள், கொடூரம் எல்லை மீறுகிறது என்றார்கள். நீளம் பற்றிய புகாரை நான் ஏற்க மாட்டேன். அந்த முதல் மணி நேரத்தை வெட்டினால் மிச்சம் இருப்பது நீங்கள் சொல்கிற ரத்தக்களரிதான். ஆனால் இனம் சார்ந்து எழுந்த கேள்வி சரியானது. வில்லன்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்களாகவே வருகிறார்கள், ஒரு மனிதனுக்குரிய குணம் எதுவும் அவர்களுக்குத் தரப்படவில்லை. வயிற்றில் இருக்கும் குழந்தையைச் சிதைப்போம் என்று மிரட்டும் இடம் எனக்கு இரண்டாம் முறையும் ஒப்பவில்லை. பதற வைக்க வேண்டும் என்பதற்காகவே எழுதியது போல இருக்கிறது.

கடைசி அரை மணி நேரம் ரொம்பக் கடுமை. சிமென்ட் தரையில் முகத்தைத் தேய்க்கும் காட்சியில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். வீட்டில் குழந்தைகள் இருந்தால் போடாதீர்கள். கார் காட்சி வரை பாருங்கள், அது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.