கூலி பாக்கி நிற்கும் தோட்டத்தில் ஏலக்காய் வாங்கலாமா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் ஹஜ்ரத். உத்தமபாளையத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறேன். வண்டன்மேட்டுப் பக்கம் ஒரே தோட்டத்தில்தான் சரக்கு எடுக்கிறேன், விற்று முடித்து 40, 50 நாளில் பணம் செட்டில் செய்துவிடுவேன். எங்கள் தெருவிலிருந்து ஜீப்பில் அங்கே காய் எடுக்கப் போகும் அக்கா ஒருவர், ஒரு மாதக் கூலி நிற்கிறது, மருந்தடித்த மறுநாளே காட்டில் இறக்கிவிடுகிறார்கள் என்று சொல்கிறார். அந்தக் காயை வாங்கி விற்பது ஹராமா? நிறுத்தினால் அவர்களுக்கு வேலை போய்விடாதா?

பதில்: வ அலைக்கும் ஸலாம். முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்குத் தூக்கம் கெடுவது அதனால்தான். காய் முதலாளியின் சொத்து, கூலி அவர் தலையில் நிற்கும் கடன். அதனால் உங்கள் கொள்முதல் செல்லும், லாபமும் ஹராம் ஆகாது. திருட்டுக் காய் என்று தெரிந்தே வாங்கினால்தான் கதை வேறு. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் ஒரு யூத வியாபாரியிடம் கவசத்தை அடகு வைத்து வாற்கோதுமை வாங்கியிருக்கிறார்கள். விற்பவருடைய எல்லா வருமானத்தையும் துருவிப் பார்த்த பிறகுதான் வாங்க வேண்டும் என்று மார்க்கம் சொல்லவில்லை.

ஆனால் இதோடு விஷயம் முடியவில்லை. வேலையை முழுசாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் நானே வழக்காடுவேன் என்று அல்லாஹ் சொல்வதாக, நபிமொழித் தொகுப்பான புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. பாவத்துக்கும் வரம்பு மீறலுக்கும் ஒருவருக்கொருவர் துணை போகாதீர்கள் என்கிறது குர்ஆனில் அல்மாயிதா அத்தியாயத்தின் 2-வது வசனம். தெரியாமல் வாங்கியவரை யாரும் பிடிக்கப்போவதில்லை. உங்களுக்குத்தான் இப்போது தெரிந்துவிட்டதே.

உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: 40, 50 நாள் கடன். சீசனில் 15, 20 நாளுக்கு ஒருமுறை காய் எடுப்பு வரும், எடுத்த பச்சைக் காய் ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கூடத்தில், காய்ந்தால் ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோதான் தேறும், அதற்குள் விறகுச் செலவு, ஜீப் வாடகை, கூலி எல்லாம் நிற்கும். கையில் ரொக்கம் இல்லாத முதலாளி எதைத் தள்ளிப்போடுவார்? மருந்துக்கடைக்காரர் சரக்கை நிறுத்திவிடுவார், ஜீப்காரர் வண்டியை எடுக்க மாட்டார், கூலிக்காரப் பெண்தான் அடுத்த வாரமும் வருவார். வசதி உள்ளவர் கடனைத் தள்ளிப்போடுவது அநியாயம் என்பதும் நபிமொழிதான். பேசிக்கொண்ட தவணைக்குக் கொடுத்தால் உங்கள் மேல் குற்றமில்லை, சரி. ஆனால் அந்தத் தவணையை உங்கள் வசதிக்கு நீட்டிக்கொண்டே போயிருக்கிறீர்களா, முதலாளி வேறு வழியில்லாமல் தலையாட்டினாரா என்று நீங்களே கணக்கு நோட்டை எடுத்துப் பாருங்கள். அங்கே ஓட்டை இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள், அதற்கப்புறம் தோட்டத்துக்காரரிடம் போங்கள்.

போகும்போது அந்த அக்காவின் பேரை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். யார் சொன்னது என்று வேலையை மேற்பார்க்கும் கங்காணிக்குத் தெரிந்தால் மறுநாள் ஜீப்பில் அவருக்கு இடம் இருக்காது. "இனி பாதிப் பணம் சரக்கு எடுக்கும்போதே தருகிறேன், அந்த வாரக் கூலி அந்த வாரமே போக வேண்டும், பழைய பாக்கியும் இந்த சீசன் முடிவதற்குள் தீர வேண்டும், கூலிப் பதிவேடான செக்ரோலைப் பார்ப்பேன்" என்று வியாபாரமாகவே பேசுங்கள். எழுதியும் வையுங்கள், கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது. செக்ரோலை மட்டும் நம்பிவிடவும் வேண்டாம், கையெழுத்து வாங்கிவிட்டுப் பணம் தராத இடங்களும் உண்டு. கம்பம்மெட்டு இறங்கி ஜீப் வந்து நிற்கும் இடத்தில் நாலு பேரிடம் பொதுவாக விசாரித்தாலே நிலவரம் தெரிந்துவிடும்.

மருந்து விஷயத்தில் உங்களுக்குப் பேச இன்னும் உரிமை இருக்கிறது. மருந்து எச்சம் இருக்கிறது என்று சவூதி அரேபியா நம் நாட்டு ஏலக்காயைத் திருப்பி அனுப்பியது உங்களுக்குத் தெரியாததா? மருந்தடித்த பிறகு இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று மருந்து டப்பாவில் போட்டிருக்கும் நாள் கழியாமல் எடுத்த காய் எனக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் சரக்கும் தப்பும், வெறுங்கையோடு அந்தச் செடிக்குள் கைவிடுகிற பெண்களும் தப்புவார்கள்.

வேலை போய்விடுமே என்ற கவலை நியாயமானது, அதனால்தான் எடுத்த எடுப்பில் நிறுத்தச் சொல்லவில்லை. அநியாயக்காரச் சகோதரனுக்கும் உதவு, அவன் கையைத் தடுப்பதே அந்த உதவி என்று நபியவர்கள் சொன்னார்கள். தடுக்கும் பலம் வாங்குகிறவராக இருக்கும்வரைதான் உங்களுக்கு. ஒரு சீசன் தவணை கொடுங்கள். அதற்கப்புறமும் அவர் மழுப்பினால் விலகிவிடுங்கள், புத்தடியிலும் போடியிலும் ஏலம் நடக்கிறது, உங்களுக்குச் சரக்குக்குப் பஞ்சம் வராது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். லாபத்தில் ஒரு பங்கை எடுத்து ரமலானில் அந்தப் பெண்களுக்கு அரிசியும் சேலையும் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஸதகா, அதாவது தர்மம், கொடுங்கள், நல்லதுதான், ஆனால் அது கூலியில் கழியாது. அவர்களுக்கு வர வேண்டியது அவர்கள் உழைத்த பணம், அதை முதலாளி கையால் அவர்கள் எண்ணி வாங்க வேண்டும்.