வாசகர் கேள்வி – பதில்: குழுவைப் பூட்டலாமா?

கேள்வி: மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களில் பறவை பார்க்கும் ஆர்வலர்களுக்காக வாட்ஸ்அப் குழு ஒன்றை நடத்தி வருகிறேன். காலை வணக்கப் படங்களும் அரசியல் பகிர்வுகளும் பெருகியதால், நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று மாற்றினேன். சச்சரவு நின்றது, கூடவே பறவைப் படங்களும் நின்றுவிட்டன. என்ன செய்யலாம்?
– வாசகர், திருநகர், மதுரை

பதில்: முதலில் குழுவைத் திறந்துவிடுங்கள். காலை வணக்கப் படம் எரிச்சலூட்டுமே தவிர, ஒரு குழுவை அழிப்பதில்லை. ஆனால் தாம் பேச இங்கே இடமில்லை என்ற எண்ணம் உறுப்பினர்களிடம் வேரூன்றிவிட்டால், பிறகு வருந்தி அழைத்தாலும் யாரும் வாய்திறக்க மாட்டார்கள். தொடர்பில்லாத பகிர்வை நிர்வாகியே நீக்கும் வசதி இருக்கிறது. நீக்கிய கையோடு அனுப்பியவருக்குத் தனிச்செய்தியில் காரணம் சொல்லுங்கள். எல்லோர் முன்னிலையிலும் கண்டிக்கப்பட்டவர் மறுபடி ஒரு படம் அனுப்பத் தயங்குவார்.

கூடுகள் விஷயத்தில் மட்டும் தயவுதாட்சண்யம் பார்க்க வேண்டாம். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில் லகர் வல்லூறு, போனெல்லிக் கழுகு போன்ற அரிய வேட்டைப் பறவைகள் வாழ்கின்றன. அவற்றின் கூடு இருக்கும் இடத்தை ஒருவர் வரைபடக் குறியோடு குழுவில் இட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பெரிய லென்சுகளோடு ஆட்கள் அங்கே கூடிவிடுவார்கள். மிரண்ட தாய்ப்பறவை எழுந்து போனால் முட்டை வெயிலில் காயும், குஞ்சு பட்டினி கிடக்கும். காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதை, 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாடுதல் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. பறவைப் பதிவுகளைத் தொகுக்கும் ஈபேர்ட் தளமும், ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய சில இனங்களைக் கண்ட துல்லியமான இடத்தைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது. ஆகவே கூட்டின் இருப்பிடமோ கூட்டருகே எடுத்த படமோ வந்தால், அனுப்பியவர் குழுவின் மூத்தவரே ஆனாலும், உடனே நீக்குங்கள்.

பறவையின் பெயரைத் தவறாகச் சொல்வதைத் திருத்துவது நிர்வாகியின் வேலையே அல்ல; அதை உறுப்பினர்களிடம் விட்டுவிடுங்கள். சாமநத்தம் கண்மாயில் எடுத்த படம் ஒன்றைப் புதியவர் ஒருவர் சின்ன நீர்க்காகம் என்று அனுப்புகிறார். அது கொண்டை நீர்க்காகம். "தவறு" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் அவர் அத்தோடு ஒதுங்கிவிடுவார். "அலகு மெலிந்து நீண்டிருப்பதைப் பாருங்கள், கண்ணும் நீலப் பச்சையாகத் தெரிகிறது, கொண்டை நீர்க்காகமாக இருக்கும்" என்று எழுதினால், அவரோடு சேர்ந்து, கேட்கக் கூச்சப்பட்டு அமைதியாக இருந்த பத்துப் பேரும் கற்றுக்கொள்வார்கள். காரணம் சொல்லாமல் யாரையும் திருத்தக் கூடாது என்பதை விதியாகவே வையுங்கள்.

பேசும் இடம் மட்டும் இருந்தால் போதாது, செய்ய வேலையும் வேண்டும். 2015 முதல் ஆண்டுதோறும் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் பார்த்துப் பட்டியலிட்டால் போதும் என்பதால் புதியவர்களும் சேரலாம். வண்டியூருக்கு யார், சாமநத்தத்துக்கு யார் என்பதை வாக்கெடுப்பு வசதியின் மூலம் உறுப்பினர்களே முடிவு செய்யட்டும். வாரம் ஒருவர் தமது ஊர்க் கண்மாயின் பட்டியலை இடுவது என்று முறை வைத்தால், வணக்கப் படங்களுக்கான இடம் தானாகவே சுருங்கும்.

கேள்வி: உறுப்பினர் இடும் அவதூறுக்கு நிர்வாகி மீது வழக்கு வருமாமே? அந்த அச்சத்தால்தான் எங்கள் குழுவில் நான் எதையும் அனுமதிப்பதில்லை.
– வாசகர், மேலூர்

பதில்: கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு தொடர்பான வழக்கில், மனுதாரர் வெறும் நிர்வாகியாக மட்டுமே இருந்திருந்தால் காவல்துறையின் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே 2021 டிசம்பரில் கூறியிருக்கிறது. அவதூறை இட்டவரின் அதே நோக்கத்தோடு நீங்களும் அதில் சேர்ந்திருந்தால் நிலைமை வேறு. எனவே இந்த அச்சத்துக்காகக் குழுவைப் பூட்ட வேண்டியதில்லை. அவதூறு கண்ணில் பட்டதும் நீக்குங்கள். அதில் ஒருவருடைய பெயர் கெட்டிருப்பதால், நீக்கியதையும் காரணத்தையும் குழுவிலேயே ஒரு வரியில் தெரிவித்துவிடுங்கள்.